நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே

நாடாவை எட்டு மணி நேரம்
இளஞ்சூட்டில் வாட்டினோம்.
நாற்பது வருட ஈரம்
போனால்தான் வாய் திறக்கும்.

டூயிஸ்பர்க், நவம்பர்.
தாளவாத்தியம்: டெட்லெஃப் கோவொலிக்
என்று போட்டிருக்கிறது அட்டையில்.
அவர் அடித்தது
மூடிய உருக்காலையின் தகரக் கதவு,
ஓர் எண்ணெய்ப் பீப்பாய்,
ஹைகேயின் அப்பாவுக்குத் தெரியாமல்
அவருடைய சைக்கிள் சக்கரம்.

முதல் பதிப்பில் எல்லாமே
கம்பளிக்குள் இருமியது போல.
இப்போது கம்பி கம்பியாகத் தெறிக்கிறது தகரம்,
பல் கூசுகிறது,
என் காபிக் கோப்பை தட்டில் ஆடுகிறது.

"எப்படி?" என்றேன்.

காதுக்கருவியைத் திருகினார்,
கழற்றினார், ஊதினார், மறுபடி மாட்டினார்.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே
அவருக்கு ஒன்றுமில்லை.
இந்தப் பதிவு முடிந்த கோடையிலேயே போய்விட்டதாம்.
காதில் பஞ்சு வைக்கச் சொன்ன ஹைகேயை
பூர்ஷ்வா என்று திட்டினாராம்.

மூன்றாவது பாட்டு. பீப்பாய் உருள்கிறது,
படியில், இன்னொரு படியில்.
அவர் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பவே இல்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு விழுந்தது.
நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"அதேதான்" என்று
பேனாவைக் கேட்டார்.