கப்பலூர், இரவுப் பணி

பில் அறையில் எனக்கு வாய்த்த நாற்காலி
சுவரைப் பார்த்தது.
வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும்,
முதுகுக்குப் பின்னாலேயே போய்விடும்.
மொக்கராசுவின் குரல் மட்டும் உள்ளே வரும்:
"ஐநூறு." "ரெண்டாயிரம்." "ஃபுல்லு."

ரசீதுக் கட்டுக்கு அடியில் கணக்குப் புத்தகம்.
முன்பு வைத்திருந்த யாரோ
ஓரமெல்லாம் பேருந்து எண் எழுதியிருக்கிறார்கள்.
ஜூனில் துணைத்தேர்வு.
தனித்தேர்வர், வயது இருபத்தாறு.

புத்தகத்தில் ஒரு பை, பைக்குள் பந்துகள்.
சிவப்பு இத்தனை, நீலம் இத்தனை.
எடுத்ததைத் திரும்பப் போடாமல்
இன்னொன்று எடு என்கிறது.
யார் பை, எதற்கு எடுக்கணும்,
அதெல்லாம் சொல்வதில்லை.

பையை மூடிவிட்டு
வீணான ரசீது ஒன்றின் பின்பக்கம் கோடு கிழித்தேன்.
பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை நாற்பது வண்டி.
லாரி இருபத்துநாலு, கார் பதினாறு.
டேங்க் நிரப்பியது
லாரியில் பதினெட்டு, காரில் நாலே நாலு.

ஐந்தில் மூன்று, வருவது லாரி.
வந்த லாரியில் நாலில் மூன்று, ஃபுல்லு.
லாரியாகவும் இருந்து ஃபுல்லாகவும் இருக்க
ரெண்டையும் பெருக்கு: இருபதில் ஒன்பது.
பெருக்கப் பெருக்கச் சிறுத்துப்போகும் கணக்கை
எங்கள் தெரு வட்டிக்காரர் பார்த்தால்
ஜோசியரிடம் ஓடுவார்.

எனக்கு அந்தக் கோடுதான் பிடிபடவில்லை.
ரெண்டு எழுத்துக்கு நடுவில் நட்டுக்குத்தலாக நிற்கும் கோடு.
வகுத்தலும் இல்லை. ஒன்றும் இல்லை.
ஒன்று என்று வாசித்துத்தான் போன தடவை
ஐந்து மதிப்பெண் போனது
(தவறியது நாலில்).

தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது
சுங்கச்சாவடிக் கம்பம்
ஒரு வண்டியை அனுப்பிவிட்டு நிமிர்ந்து நின்றது.
அந்தப் பக்கம் போனது போனதுதான், அதில் சந்தேகமில்லை.
இந்தப் பக்கம் நிற்பதைப் பற்றித்தான் கேள்வி.

ஓ.

"ஃபுல்லு" என்ற சொல் காதில் விழுந்ததுமே
நூறுக்கும் ஐநூறுக்கும் போட்டுப் போனவை
தாளைவிட்டு இறங்கிவிடுகின்றன.
நாற்பது இனி நாற்பது இல்லை.
மிச்சம் இருபத்திரண்டு, அதில் பதினெட்டு லாரி.

டீக்குப் பந்தயம் கட்டினேன்.
"ஃபுல்லு!"
"லாரி," திரும்பாமலே.
மூன்று தடவை. மூன்று டீ.
"ஒச்சம்மா, ஒனக்கு முதுகுல கண்ணு இருக்கா?"

மூன்றரைக்கு நாலாவது "ஃபுல்லு".
குரல் இறங்கியிருந்தது.
அதையும் கோட்டுக்கு வலப்பக்கம் எழுதியிருக்கணும்,
எழுதவில்லை.
"லாரி," என்றேன்.
சத்தமே இல்லை.

திரும்பினால் வெள்ளை வேன், பக்கவாட்டில் மாலை.
அமரர் ஊர்தி.
பெரியாஸ்பத்திரியிலிருந்து வள்ளியூர் போகிறதாம்.
டிரைவர் குழாயடியில் முகம் கழுவினார்.
கூட வந்த பெண் என் மேசைக்கு வந்து
பத்து நிமிஷம் சார்ஜ் போட்டுக்கிறவா என்றாள்.
புத்தகத்தின் மேலேயே போனை வைத்தாள்.
திரை விழித்தது: பதினேழு தவறிய அழைப்புகள்.
எதையும் திருப்பி அழைக்கவில்லை.
கோடு கிழித்த தாளைப் பார்த்து
"வண்டிக் கணக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

லாரியும் இல்லை, காரும் இல்லை, டீ யாருக்கு என்று
மொக்கராசு கேட்கவில்லை.
அவனே வாங்கி வந்தான், அவளுக்கு ஒன்று,
டிரைவருக்கு ஒன்று.

வேன் கிளம்பிய பிறகு
தாளில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டேன்.
ரெண்டு மணி நேரம் கண்ணில் படாததை
உலகத்திலேயே இல்லை என்று
எவ்வளவு சுலபமாக எழுதியிருந்தேன்.
தலைப்பில் 'மற்றவை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'வள்ளியூர்' என்று எழுதினேன்.

வெளியே கம்பம் எழுந்து
நட்டுக்குத்தலாக நின்றது.