ஏழாம் கூண்டு

திரையில் மீன்கள் சாவதில்லை.
நீருக்கடியில் ஒரு கேமரா
இமைக்காமல் எண்ணுகிறது:
ஏழாம் கூண்டில்
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து
முந்நூற்றுப் பன்னிரண்டு சால்மன்.
சராசரி எடை நாலு கிலோ.
பக்கத்தில் பச்சைக் குறி.

தணிக்கையாளர் தோர்குன்
பெர்கனிலிருந்து இரண்டு படகு மாறி வந்திருக்கிறாள்.
வரவேண்டிய அவசியமே இல்லை என்றார்கள்
அலுவலகத்தில்.
எல்லாம்தான் மேகத்தில் இருக்கிறதே.

மேகம் இருந்தது, உண்மைதான்.
தாழ்வாக, சாம்பல் நிறத்தில்,
மூன்று நாளாகப் பெய்துகொண்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
கடலைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

நாற்றம்தான் அவளைக் கொட்டகைக்குப் பின்னால்
கூட்டிப்போனது.
செத்ததை அரைத்து அமிலத்தில் ஊறவைக்கும் தொட்டி.
விளிம்புவரை.
கதவோர ஆணியில்
தொட்டி வடிக்கும் படகுக்காரன் குத்திவிட்டுப் போன சீட்டுகள்:
செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் மூன்று.
ஈரம். பென்சில் எழுத்து.
ஒவ்வொன்றிலும் 7, அடிக்கோடிட்டு.

எழுபது டன்.
நாலால் வகுத்தாள்.
பதினேழாயிரத்து ஐந்நூறு.
திரையின் இறப்புக் கட்டத்தில்
அறுநூற்றுப் பன்னிரண்டு.

"நான் எதையும் தொடவில்லை" என்றான் ஒட்கெய்ர்.
பொய்யில்லை. காப்பி ஊற்றும்போது
கைகூட நடுங்கவில்லை.
மென்பொருள் தானாகக் கற்றுக்கொள்ளுமாம்.
அசையாமல் மிதப்பது நிழல், விட்டுவிடு என்று
போன மார்ச்சில் யாரோ
அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.
யார் என்று
பதிவேட்டில் பெயர் இல்லை; 'பயனர் 3'.

கைபேசி அதிர்ந்தது.
நாலு மணிக்குள் வேண்டும். வங்கி காத்திருக்கிறது.
உன் விரல் மட்டும்தான் பாக்கி.

ஆறு வருடம் படித்து, தேர்வெழுதி,
உறுதிமொழி எடுத்து,
கடைசியில் கைநாட்டு.

கட்டைவிரலை வைத்தாள்.
மழையில் நனைந்த ரேகையை
அது அடையாளம் காணவில்லை.
மீண்டும் முயலவும் என்றது, மரியாதையாக.

கம்பளிச் சட்டையில் துடைத்தாள்,
நிதானமாக, நகக்கண்வரை.
காய்ந்துவிட்டது.

அப்புறம் அதே விரலால்
ஆணியிலிருந்து சீட்டுகளைக் கழற்றினாள்.
நாலாவது கொஞ்சம் கிழிந்தது.

நாலு மணிப் படகு போய்விட்டது.
அடுத்தது ஆறே காலுக்கு.
ஒட்கெய்ர் எதிரில் உட்கார்ந்து
கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
திரையில்
முந்நூற்றுப் பதின்மூன்று.