நடுவில் ஒரு காசு

சென்னப்பன் கொடுத்த எண்பத்தைந்துதான்
பையிலேயே விலை கூடியது.
கல்யாணத்துக்கு அதற்கென்று தனி வாடகை.
அணைக்கட்டுப் பூங்காவில், மே மாத மத்தியானம்,
பெங்களூரில் கொடுத்து
உள்வடிகட்டியைக் கழற்றிய பழைய காமிராவில்
முதலில் அதைத்தான் பூட்டினேன்.

அகச்சிவப்பு என்று பெயர்,
படத்தில் சிவப்பே கிடையாது.
மாமரமெல்லாம் உப்புப் பூத்து நின்றது.
வானம் கரி. அணைத் தண்ணீர் அதைவிடக் கரி.
எல்லாம் நினைத்தபடி.
நடுவில் மட்டும்
யாரோ வெளிச்சத்தால் ஒரு காசு வைத்திருந்தார்கள்.

திறப்பைச் சுருக்கினேன்.
ஐந்து புள்ளி ஆறில் ஊதிவிட்ட மாவு,
எட்டில் தோசை,
பதினொன்றில் விளிம்பு தெரியும் பத்து ரூபாய்.
சுருக்கச் சுருக்கத் துலங்கியது
குறை ஒன்றுதான்.

கண்ணாடியில் பூசிய பூச்சு
கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கு மட்டும் பதில் சொல்லும்.
மற்றது உள்ளே புகுந்து
சுவருக்குச் சுவர் முட்டி
வழி கேட்டு அலுத்து
நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஓசூரில் நாகோஜி கடையில் எடுத்த ஐம்பது.
தூர அளவுக் கோட்டின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
"நெயில் பாலிஷ் பட்டிருக்கும் மேடம், சுரண்டித் தரட்டா?"
வேண்டாம் என்றேன்.
ஜப்பானில் முகம் தெரியாத ஒருவர்
நான் பிறக்கும் முன்பே
இந்த மத்தியானத்துக்காக வைத்த பொட்டு அது.
கண்ணுக்குக் கூர்மையானதும்
அந்தப் புள்ளிவரை வளையத்தைத் திருப்ப வேண்டும்.
திருப்பினேன்.
சையத் பாஷா மலை
வெயில் மூட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு
வெடிப்பு வெடிப்பாக வந்தது.
காசு இல்லை.
ஆனால் ஐம்பதுக்குள் மலை அடங்கவும் இல்லை.

மிஞ்சியது, காமிராவோடு இலவசமாய் வந்த
பிளாஸ்டிக் பதினெட்டு–ஐம்பத்தைந்து.
பையின் அடியில், மூடி தொலைந்து,
கடலை மிட்டாய்த் தூளோடு கிடந்தது.
மதகு, மாந்தோப்பு, மலை,
எங்கு திருப்பியும் காசு விழவில்லை.
எட்டிலும் இல்லை. பதினொன்றிலும்.
மறுபடி பார்த்தேன்.
கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

அப்சானா கோர்ட்டிலிருந்து நேரே வந்தாள்,
கோட்டைக் கழற்றாமல்.
மதகோரம் நிற்கவைத்து எடுத்தேன்.
கறுப்புக் கோட்டு
அரிசி களைந்த தண்ணீராய் வெளுத்திருந்தது.
"யாருக்கும் காட்டிடாதே,
சன்னத்தைப் பிடுங்கிடுவாங்க" என்றாள்.
அப்புறம், "எனக்கு அனுப்பு."

ராத்திரி சென்னப்பன் போனில்:
"எப்படி நம்ம எண்பத்தைந்து?"

கல்யாணத்துக்கு நல்ல லென்ஸ்
என்றேன்.