இரண்டு கட்டங்கள்

ப்ர்னோ நகரில் பிப்ரவரி.
கடைசி டிராமும் போய்விட்டது.
வெண்டுலா மடிக்கணினியைக் கவிழ்த்து
திருகாணிகளைக் கழற்றி சாஸரில் போடுகிறாள்.
டிங். டிங்.
ஐந்தாவது மேசைக்கடியில் உருண்டு
எங்கோ ஒளிந்துகொண்டது. போகட்டும்.

திரை அதே திரை.
காப்பி குடித்த விசைப்பலகைக்குப் பதில்
போன வருஷம் வந்த விசைப்பலகை.
கீல், பேட்டரி, பக்கவாட்டில் செருகும் சதுரத் துண்டுகள்
எல்லாம் இருந்த இடத்தில் இருக்க
நடுவிலிருப்பதை மட்டும் பெயர்த்தெடுத்து
வேறொன்றை அமர்த்துகிறாள்.

"பழையதைவிட வேகமா?"
மாடியிலிருந்து தேநீரோடு இறங்கிவந்த ரெஹோர்ஷ் கேட்கிறார்.
"இல்லை. நாலில் ஒரு பங்கு."
"விலை குறைவா?"
"அதுவும் இல்லை."
"பின்னே?"

கையேட்டைத் திருப்பிக் காட்டுகிறாள்.
கூட்டு, கழி, எடு, வை, தாவு…
இந்தச் சில்லின் அடிப்படைக் கட்டளைகள்
அறுபதுக்குள் அடங்கிவிடும்,
ஓர் அரிச்சுவடி போல.
யாரும் இதில் எழுதலாம்.
இதைப் படிக்கத் தெரிந்த சில்லை
யாரும் செதுக்கலாம்.
உரிமம் கேட்டு ஒருவர் வாசலிலும்
நிற்க வேண்டாம்.

எழுத்து பொது என்பதால்
எழுதியதெல்லாம் பொதுவாகிவிடாது.
படம் வரையும் மூலையை மட்டும்
செய்தவர்கள் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.
அதையும் சொன்னாள்,
கொஞ்சம் குரல் தாழ்த்தி.

ஒன்று இருபது.
உள்விசிறி ஒருமுறை இருமிவிட்டு ஓடியது.
கறுப்பில் வெள்ளை வரிகள் சாரை சாரையாக,
பிறகு துடிக்கும் ஒற்றைக் கோடு.
முதல் சொல்லாக அவர் பெயரைத் தட்டினாள்.
தலையிலும் வாலிலும்
இரண்டு வெற்றுக் கட்டங்கள்.

நமக்கு ழகரம் போல
அவர்களுக்கு ஓர் எழுத்து:
ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் உரசும்.
அயலார் நாக்குக்கு எட்டாது.
என் தமிழுக்கும் எட்டவில்லை,
ரெஹோர்ஷ் என்று ஒப்பேற்றியிருக்கிறேன்.

"உன் பொது எழுத்தில்
என் எழுத்து இல்லையே" என்று சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
சில்லை ஒரு நிமிடம் வைதாள், மனசுக்குள்.
சில்லின் குற்றமில்லை.
எழுத்துரு ஒன்று விட்டுப்போயிருந்தது.
அதை இறக்கிச் சேர்க்க
அவசரமே தெரியாத அந்தப் பலகைக்குப்
பதினோரு நிமிடம்.
தேநீர் ஆடை கட்டிவிட்டது.

கட்டங்கள் இரண்டும் ஒரே நொடியில்
தலையில் கொக்கி முளைத்து
எழுத்தாயின.
அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
தன் பெயரை
இரண்டு முறை படித்தார்.

வேகமான பழைய பலகை
பிஸ்கட் டப்பாவுக்குள் உட்கார்ந்து
அவரோடு மாடியேறியது,
ரேடியோ பாட.

ஐந்தாவது திருகாணி காலையில் கிடைத்தது.
செருப்புக்குள்.