நாலு மடங்கு வேகத்தில்

பென்டிரைவ் எடுக்கமாட்டினமாம்.
மாவட்ட நீதிமன்றப் பதிவாளர் அறையில்
நிமிராமலே சொன்னார்கள்:
சீடியில் தரவேணும், இரண்டு பிரதி,
மேலே வழக்கிலக்கம், அழியாத மையில்.

வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது.
படகு வாங்கிய வருசம்
முதல் சீசன் காசில் சின்னண்ணன் கொண்டுவந்தது.
உள்ளே காற்றாடி இருமும்.
சீடித் தட்டு வெளியே வர
இடப்பக்கம், திருகாணிக்குக் கொஞ்சம் கீழே
ஒரு தட்டுத் தட்டவேணும்.

முதல் சீடி பதினெட்டு வீதத்தில் நின்றது.
அடுத்தது எழுபத்தொன்றில்.
மூன்றாவது தொண்ணூற்றேழு வரைக்கும் போய்,
நான் தேத்தண்ணியைக் கையில் எடுத்த நேரம்,
துப்பியது.
ஏனென்று கேட்டால் ஒரு இலக்கம் காட்டுகிறது.
சின்னண்ணனும் அப்படித்தான்.
வேலி ஏன் இந்தப் பக்கம் வந்தது என்றால்
'பதினொரு அடி' என்பான்.
அதற்குமேல் வாய் திறவான்.

ஏகாம்பரம் வீதியில் நிஸ்தார்
டொக்டர் மாதிரித் துண்டு எழுதித் தந்தார்:
வேகத்தைக் குறை, நாலு மடங்கு போதும்.
வைரஸ் காவலை நிற்பாட்டு.
எழுதும்போது வேறொன்றும் திறவாதே.
மலிவுச் சீடி வாங்காதே.
பிறகு மலிவுச் சீடி பத்து விற்றார்.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சால்
லேசர்க் கண்ணைத் துடைத்தேன்.
கேபிளைக் கழற்றி மறுபடி பூட்டினேன்.
டிஸ்கில் இடம் போதாது என்றது;
சின்னண்ணனின் கலியாணப் படங்களை அழித்தேன்.
அதில் ஒன்றில் நான் அவனுக்குக் குடை பிடிக்கிறேன்,
பாதிக் குடை என் தலைக்கு.
இடம் கூடவேயில்லை.
பார்த்தால் எல்லாம் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது.
'காலிசெய்யவா?' என்று கேட்டது.
வேண்டாம் என்று அமத்தினேன்.
பழைய படப்பாட்டுகளை அழித்து இடம் எடுத்தேன்.

கெட்ட சீடிகளை உறையோடு முற்றத்தில் வைத்தேன்.
விடிய, கோட்டைப் பக்கத்திலிருந்து மான்கள் வந்து
உறைகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தன,
நிஸ்தாரின் துண்டையும் சேர்த்து.

அதற்குப் பிறகுதான் கொப்பி எடுத்தேன்,
நிற்கிற நேரத்தைக் குறித்தேன்.
ஏழு பத்து. எட்டு இருபத்தைந்து. ஒன்பது நாற்பது.
ஒவ்வொரு முறையும் குசினி பல்ப்
ஒரு கணம் மஞ்சளித்து வெளுக்கிறது.
மதிலுக்கு அந்தப்புறம் ஐஸ் பக்டரி,
கொம்பிரசர் மூச்சு இழுக்கிற நேரம்.

ஐஸ் ஆருக்கு?
திருக்கடலூர்ப் படகுகளுக்கு.
முதல் ஆறு கட்டி சின்னண்ணனுக்கு.
அவனுடைய மீன் கெடாமலிருக்க
என்னுடைய சீடி கெடுகிறது.

யூபிஎஸ் பூட்டலாம் என்றார் நிஸ்தார், விலையும் சொன்னார்.
சட்டத்தரணிக்கே பாதிக் காசு பாக்கி.
தவணை தை பதின்மூன்று.
மார்கழி வரட்டும் என்று விட்டேன்.

மார்கழியில் வாடை எழும்பியது.
கடலுக்குப் போகவேண்டாம் என்று ரேடியோ சொன்னது.
படகுகள் மணலில் ஏறிக் குப்புறக் கிடந்தன.
மூன்றாம் நாள் ராத்திரி
கொம்பிரசர் வாயை மூடியது.
கூரையில் மழை; கரண்ட் மட்டும் அசையவில்லை.
நாலு மடங்கு வேகத்தில் விட்டுவிட்டு
கதிரையில் கால்மடித்து இருந்தேன்.
எண்பது. தொண்ணூற்றேழு.
நூறு.
பிறகு 'சரிபார்க்கிறது' என்று இன்னொரு பதினைந்து நிமிடம்,
பூசைக்குப் பிறகும் பூசாரி விடாத மாதிரி.

வெளியே வந்தது இளஞ்சூடாக இருந்தது.
விளக்கில் சரித்துப் பார்த்தேன்:
எழுதின வட்டம் ஒரு நிறம்,
எழுதாத வட்டம் வேறு நிறம்.
நடுவில் எல்லை, மயிரளவு,
வேலி போடாமலே.

இரண்டாவதும் பிழைக்கவில்லை.
மார்க்கரால் இலக்கம் எழுதி
அதற்குக் கீழே 'எதிராளிக்கு' என்றும் எழுதினேன்.
அப்போதுதான் யோசித்தேன்:
அவன் மகனின் லப்டொப்பில்
சீடி போட வாயே இல்லை.
பார்ப்பதென்றால் இங்கேதான் வரவேணும்.
தட்டு வராது என்று
நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.
எங்கே தட்டுவது என்று அவனுக்குத் தெரியும்.