மற்றவை

புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
தகரக் கூரை, ஐந்து அச்சு, நான்கு பெண்கள்.
பாக்கு மட்டையை ஊறவைத்துச் சூட்டில் அமுக்கினால்
தட்டு.
இதற்கு மேல் என் தொழிலில் ரகசியம் இல்லை.

ஆனாலும் கணினி மையத்துப் பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.
"கழிவுநீர் ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர்?"
இரண்டு அண்டா என்றேன்.
"எங்க போகுது? ஆறு, ஓடை, ஏரி,
பொதுச் சாக்கடை, கடல். அஞ்சுல ஒண்ணு சொல்லுங்க."
வாழைக்கு.
"வாழை இல்லக்கா."
இருக்கு தம்பி, கொல்லையில ஏழு மூடு நிக்குது.
"இதுல இல்ல."

கடலைத் தேர்ந்தெடுத்தோம்.
மலையடிவாரத்திலிருந்து கடலுக்குத் தண்ணீர் விடுகிறவளாக
அரசாங்க ஏட்டில் எட்டு மாதம் இருந்தேன்.
பிறகு ஒரு கடிதம் வந்தது:
திருமதி செய்யதலி பாத்திமா,
கடற்கரை அனுமதி எங்கே?

சிந்து ஆரியங்காவிலிருந்து பேருந்தில் வருகிறவள்.
"எங்க பக்கம் இத்தனை இல்லை சேச்சி" என்பாள்.
அவள் அண்ணன் அங்கே மாவு மில் வைத்திருக்கிறான்.
பார்த்தபோது கேட்டேன்.
"தமிழ்நாட்டில்தான் சுலபம்னு சொன்னாங்களே" என்றான்.
டீ குடித்தோம்.
மழைகூட இந்த மலைக்கு இரண்டு பக்கமும்
ஒன்றுபோலப் பெய்வதில்லை.
படிவம் பெய்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான்.
ஒருவர் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தின் உயரத்தை அளந்தார்.
ஒருவர் தராசுக்கு முத்திரை எங்கே என்றார்.
எண்ணி விற்கிற பொருளுக்குத் தராசு எதற்கு என்றேன்.
வாங்கி வைத்து முத்திரை குத்திக்கொள்ளச் சொன்னார்.
வாங்கினேன். இப்போது அதில் கருவாடு நிறுக்கிறோம்.
ஒருவர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை வேண்டும் என்றார்.
ஒருவரும் அச்சுப் பக்கம் குனியவில்லை.

புரட்டாசியில், பேச்சித்தாயின் வலது கை,
இரண்டு விரல்.

அதற்கு அப்புறம்தான் தென்காசியில் கூட்டம்.
எந்த விதி வேண்டாம் என்று
சிறு தொழில்காரர்கள் எழுதித் தரலாம் என்றார்கள்.
ஏசி அறை. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், முந்திரி பிஸ்கட்.
முறுக்குக் கம்பெனி, செங்கல் சூளை, ஐஸ் பேக்டரி,
எல்லாருக்கும் எல்லாமே வேண்டாமாக இருந்தது.
நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போயிருந்தேன்,
பதினாறு எண் போட்டு.

அலுவலர் நவநீதகண்ணன் தாளுக்குக் கை நீட்டியபோது
"ஒம்பதாவதை அடிச்சிட்டுத் தாறேன் சார்" என்றேன்.
ஒன்பது: அச்சுக்குக் கம்பி வலை.
நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று நான் போடாமல் விட்டது.
யாராவது கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.
கேட்கவில்லை என்று அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.
"வேண்டாததைப் பதினஞ்சு பேர் கேட்டா
வேண்டியதைக் கேக்க ஆள் மிஞ்சாது சார்."
முறுக்குக்காரர் என்னை முறைத்தார்.
நவநீதகண்ணன் எழுதினார். பேனா ஓடவில்லை.
உதறிவிட்டு மறுபடி எழுதினார்.

ஆனிச் சாரலோடு புதுப் படிவம் வந்தது.
ஒரே பக்கம். தராசு இல்லை. சிவப்பு மை இல்லை.
கடலுக்குக் கீழே ஆறாவதாக ஒரு கட்டம்:
மற்றவை.
பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
வாழை என்று தட்டினோம்.
ஆதாரம் இணைக்கவும் என்றது.

குலை தள்ளிய மரத்தைப் படம் எடுத்தேன்.
கோப்பு பெரிது என்றது.
சுருக்கினோம். இன்னும் பெரிது.
கடைசியில் பூவை மட்டும் எடுத்து அனுப்பினேன்.
ஏற்றுக்கொண்டது.

ஒன்பதைத் தேடினேன்.
அந்த ஒரு பக்கத்தில் அதுவும் இல்லை.

பேச்சித்தாய் இடது கையால் எண்ணி
நூறு நூறாகக் கட்டுகிறாள்.
வலைக்கு அளவெடுக்க வந்த வெல்டர்
டேப்பை இழுத்துப் பிடித்தபடி கேட்கிறார்:
"இதெல்லாம் இப்பக் கட்டாயமாக்கா?"

அளங்க என்றேன்.