பன்னிரண்டு பேர்

பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும்.
நாங்கள் ஐவர்.
சைக்கிளோடு மூன்று மாணவர்கள்,
கைகோத்த ஒரு மலாய்த் தம்பதி.
பத்து.
இன்னும் இரண்டு பேர் எங்கோ
கடைசிக் கவளத்தில் இருக்கிறார்கள்.

சாங்கி படகுத்துறையில் பெஞ்சு நீளம்.
ஒரு நுனியில் காக்கா, மறுநுனியில் நெய்னா,
நடுவில் நான்,
நாகூரிலிருந்து ஒன்பது நாளுக்கு வந்தவள்.
தெம்பனிஸில் பதினோராம் மாடியில் ஒருவர்.
துவாஸில், பன்னிரண்டு கட்டில் போட்ட அறையில்
மேல்கட்டில் ஒன்றில் மற்றவன்.
பச்சைத்தடத்து ரயிலில் ஏறினால்
மாறி ஏறக்கூட வேண்டாமாம், சுமையா சொன்னாள்.
பதினொரு மாதமாக யாரும் ஏறவில்லை.

காலையில் கேலாங் சிராய் ஈரச்சந்தையில்
கொடுவா ஒன்றின் செவுளைத் திறந்து பார்த்தேன்.
கடைக்காரர் மலாயில் ஏதோ முணுமுணுக்க
ஜரீனா மச்சி சிரித்தாள்:
"விரலை எடுங்க, மீனுக்கு வலிக்குதாம்."
விலையை ரூபாயாக்கிப் பார்த்தேன்.
உடனே எடுத்துவிட்டேன்.

பிறகு சாங்கி உணவங்காடி.
காலி மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று.
யாரோ மறந்துவிட்டுப் போனது என்று
கைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
தட்டோடு வந்து நின்ற சீன அம்மாள்
என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் வேறு இடம் தேடிப் போனார்.
இங்கே அதுதான் பட்டா, அத்தாட்சி எல்லாம் என்று
சுமையா சொல்லி முடிப்பதற்குள்
என் வாயில் நெத்திலி நொறுங்கிக்கொண்டிருந்தது.

நாசி லெமாக் என்கிறார்கள்.
நம் தேங்காய்ச்சோறுதான், அதே ரம்பை இலை.
சம்பாலில் மட்டும் இனிப்பு தூக்கல்.
வாப்பா வீட்டுப் பத்திரத்தைப் பற்றி
யாரும் பேசவில்லை.
பேசாமல் இருப்பதற்குத்தான்
எவ்வளவு சாப்பாடு வேண்டியிருக்கிறது!
ஓத்தா-ஓத்தா பத்து,
பீசாங் கோரெங் இரண்டு பொட்டலம்,
கோப்பி-ஓ, மறுபடியும் கோப்பி-ஓ.
இரண்டு பேரும் முட்டையின் மஞ்சளைக்
கடைசிக்கென்று ஓரமாய் ஒதுக்கினார்கள்.
ஒருவர் தட்டை மற்றவர் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

காக்கா கைபேசியை நீட்டினார், டிங்,
எல்லாருக்கும் சேர்த்து.
எழுந்த நெய்னா பாதியிலேயே உட்கார்ந்தான்.

அதோ, தூண்டில் கழிகளோடு இரண்டு கிழவர்கள்.
பன்னிரண்டு.

ஆளுக்கு நாலு வெள்ளி.
காக்கா கைபேசியை நீட்டினார்.
படகுக்காரர் அதைப் பார்த்தார்,
கடலைப் பார்த்தார்.
தாள்தான் வேண்டும்.
காக்காவின் பணப்பையில் ஏழெட்டு அட்டைகள்,
ஜரீனா மச்சியிடம் சில்லறை,
என்னிடம் காந்தி.

நெய்னா சட்டைப்பையிலிருந்து
நாலாய் மடித்த பத்து வெள்ளித் தாள்கள் இரண்டை எடுத்து
ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தான்.
அவன் அவசரப்படவே இல்லை.

"அனுப்பிவைக்கிறேன்."
"இருக்கட்டும்."

பதினொரு மாதத்துக்கு
ஆளுக்கு ஒரு சொல்.

படகு டீசலை இருமிக்கொண்டு கிளம்பியது.
வயிற்றைக் காட்டியபடி ஒரு விமானம் மேலே போனது;
வியாழக்கிழமை அதில் நான்.
எதிரே புலாவ் உபின், பச்சையாய், தாழ்வாய்,
சின்னப் பிள்ளை வரைந்துவிட்டு
அடியில் கோடிழுக்க மறந்த மாதிரி.
தூரத்தில் போன எண்ணெய்க் கப்பலின் அலை
சாவகாசமாக வந்து எங்களைத் தூக்கிப் போட்டது.
காக்காவின் கை பிடிமானம் தேடி
நெய்னாவின் தோளைப் பற்றியது.
அலை அடங்கிய பிறகும் எவ்வளவு நேரம் என்று
நான் எண்ணவில்லை.
எண்ணுவது படகுக்காரர் வேலை.

முகமெல்லாம் உப்பு.
கைப்பையைத் துழாவி
அந்தச் சீன அம்மாளின் இடத்திலிருந்து
ஒன்றை உருவித் துடைத்துக்கொண்டேன்.
பொட்டலத்தில் இன்னும் ஒன்பது.